நவீன பைக்கில் கம்பிச் சக்கரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆடி மாதம் நாகர்கோவில் பார்வதிபுரத்தை அடுத்துள்ள ஒரு பட்டறையில், தன் கேடிஎம் டியூக் 390 வண்டியின் அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கம்பிச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் வேலையை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ரிம்மைச் சுழலவிட்டு, பக்கத்தில் ஓர் ஊசிமுனையை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இல்லாதபடி அவர் கோட்டம் எடுத்திருந்த நேர்த்தி உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆனால் அந்த ரிம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மேல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற அளவை அவர் எடுத்திருக்கவில்லை. அளவெடுக்க உதவியிருக்கக்கூடிய பழைய சக்கரங்களையும் விற்றுவிட்டிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே நம்பிக்கையுடன், என் கண்முன் மறுபடி நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அரை மணி நேரம்தான்.

கம்பியை இடம் மாற்றிக் கோப்பது, கம்பியை ரிம்மோடு பிணைத்து இறுக்கும் நிப்பிளை எதிர்ப்பக்கம் திருப்புவது, டயரை அம்புக்குறிக்கு மாறாக மாட்டுவது போன்றவற்றை இங்கே நான் சொல்லப்போவதில்லை. அவை அன்று மாலைக்குள் தாமாகவே தெரிந்துவிடும். வண்டி சாலையில் இறங்கிப் பல நாள்கள் ஓடிய பிறகே தெரியவரும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ரிம்மை ஹப்பின் நடுவில் நிறுத்துவது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஹப்பின் இரண்டு பக்கமும் கம்பி கோக்கும் விளிம்புகள் இருக்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே ரிம்மை நிறுத்தினால் சரி என்றுதான் புதிதாகச் செய்பவர் யாரும் நினைப்பார். டிரம் பிரேக் வைத்த சில பழைய வண்டிகளில் அது ஏறத்தாழ சரியாகவும் இருக்கும். நவீன பைக்கின் பின்சக்கரத்தில், ஒரு பக்கம் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் அதன் அதிர்ச்சியை விழுங்கும் கப்ளிங் ரப்பரும் அகலமான இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மறுபக்கம் டிஸ்க் அதைவிடக் குறைவான இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கம்பி விளிம்புகளின் நடுப்புள்ளி டிஸ்க் பக்கமாகத் தள்ளியே இருக்கும். ரிம் நிற்க வேண்டியதோ ஹப்பின் நடுவில் அல்ல, வண்டியின் நடுக்கோட்டில். ஒற்றை டிஸ்க் உள்ள முன்சக்கரத்துக்கும் இதே கணக்குதான்.

சைக்கிளின் பின்சக்கரத்தில்கூட ஃப்ரீவீல் பக்கம் ரிம் சாய்ந்து நிற்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து, அத்தகைய சக்கரங்களுக்குக் கோட்டமும் எடுத்துப் பழகியவன் நான். இருந்தும் என் வண்டியின் பின்சக்கரத்தைக் கட்டியபோது இரண்டு விளிம்புகளுக்கும் சரிபாதியில் ரிம்மை நிறுத்தி, அரை மில்லிமீட்டர் ஆட்டம்கூட இல்லாமல் கோட்டம் எடுத்து, மனநிறைவோடு மாட்டினேன். மாட்டியதும் டயர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஒரு பக்கத்துக்கு நெருக்கமாகத் தெரிந்தது. அங்கேயே நிறுத்தி அளந்திருக்க வேண்டும். நான் செய்தது இரண்டாவது தவறு: செயின் அட்ஜஸ்டரில் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து, டயர் நடுவில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும் வரை சக்கரத்தைச் சாய்த்து வைத்தேன்.

அது ஆனி மாதம். தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் வண்டி இடப்பக்கமாக நழுவியது. முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் பருவத்தில் அந்தச் சாலையில் காற்று வண்டியைத் தள்ளுவது நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல என்பதால், பழியை முழுவதும் காற்றின் மேல் போட்டுவிட்டேன். காற்றில்லாத நாள்களிலும் கைப்பிடியில் ஒரு சிறு இழுப்பு இருந்துகொண்டே இருந்தது. அதற்காக முதலில் கைப்பிடி திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டை மாற்றினேன். பிறகு பின்டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததைக் கண்டு டயரை மாற்றினேன். புரட்டாசிக்குள் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் கத்தி போலத் தேய்ந்துவிட்டதால் செயின் செட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. என் ஒரு மாத வருமானத்துக்கு மேல் இப்படிப் போன பிறகும் காரணம் எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தவர் எனக்குக் கோட்டம் எடுக்கக் கற்றுத்தந்த சைக்கிள் கடை ஆசான். நான் காற்றைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மக்களே, காத்து போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கமாட்டா தள்ளும்?" என்று அவர் கேட்டார். போகும்போது ஒரு பக்கமிருந்து அடிக்கும் காற்று திரும்பும்போது மறுபக்கமிருந்துதான் அடிக்க முடியும்; என் வண்டியோ இரண்டு வழியிலும் இடப்பக்கமே நழுவியது. நான்கு மாதம் அந்தச் சாலையில் போய்வந்த எனக்கு இது தோன்றவில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பொறுப்பதில்லை.

அவர் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன். இதற்கு ஒரு நூலும் அளவுகோலும் போதும். முதலில் ஸ்விங் ஆர்மின் முன்முனையில் உள்ள போல்ட்டின் மையத்திலிருந்து பின் ஆக்சிலின் மையம் வரை இரு பக்கமும் அளந்து, இரண்டும் சமமாகும்படி அட்ஜஸ்டரைத் திருத்தினார். பின்டயரின் பின்னாலிருந்து ஒரு நூலை இரு பக்கமும் டயரைத் தொட்டபடி முன்சக்கரம் வரை, தரைக்கு இணையாக இழுத்துக் கட்டினார். பின்டயர் 150 மில்லிமீட்டரும் முன்டயர் 110 மில்லிமீட்டரும் அகலம் உள்ள அந்த வண்டியில், முன்டயருக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் 20 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். இடப்பக்கம் 12 இருந்தது, வலப்பக்கம் 28. அதாவது பின் ரிம் டிஸ்க் பக்கமாக 8 மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

நிப்பிள்களைத் திருகியே 8 மில்லிமீட்டரை நகர்த்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரிம் அவ்வளவு நகரும்போது, ஒரு பக்கக் கம்பிகள் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாகி நிப்பிளுக்குள் மரை போதுமான அளவு ஏறாது. மறுபக்கக் கம்பிகள் ஏறத்தாழ அதே அளவு நீண்டு நிப்பிளின் தலைக்கு மேல் துருத்தி டியூபைக் குத்தும். சக்கரம் முழுவதையும் பிரித்து, இரு பக்கத்துக்கும் தனித்தனி நீளத்தில் புதிய கம்பிகள் செய்வித்துத்தான் நான் அதைச் சரிசெய்தேன்.

இத்தனைக்கும் மருந்து, அலாய் சக்கரம் கையில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய ஓர் அளவு. டயரைக் கழற்றிவிட்டு, டிஸ்க் பக்கம் மேலே வரும்படி சக்கரத்தைப் படுக்க வையுங்கள். ரிம்மின் இரு விளிம்புகளின் மேலும் வளையாத நேர்ப்பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து டிஸ்க் உட்காரும் முகம் வரை ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரிம்மின் வெளி அகலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. எடுத்துக்காட்டாக, 4.00 அங்குல அலாய் ரிம்மின் வெளி அகலம் 122 மில்லிமீட்டராகவும் ஆழம் 18 மில்லிமீட்டராகவும் இருந்தால், ரிம்மின் நடுக்கோடு விளிம்பிலிருந்து 61 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. எனவே டிஸ்க் முகம் நடுக்கோட்டுக்கு 43 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. மாறாமல் காக்க வேண்டியது இந்த 43-ஐத்தான். நீங்கள் வாங்கும் 4.25 அங்குல ரிம்மின் வெளி அகலம் 128 என்றால் அதில் பாதி 64. அதிலிருந்து 43-ஐக் கழித்தால் 21. புதிய சக்கரத்தில் 18-ஐயே வைத்துக் கட்டுபவர், அளவெடுத்தும் 3 மில்லிமீட்டர் தவறிவிடுகிறார். வேறு வண்டியின் ஹப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் டிஸ்க் முகத்தை நம்பாமல், ஆக்சில் புஷ்களின் வெளிமுனையிலிருந்து இதே அளவை எடுக்க வேண்டும். கம்பியின் நீளத்தைக் கணக்கிடுவதெல்லாம் இந்த எண் கையில் வந்த பிறகே.

சிலிக்கோன் பூசி டியூப் இல்லாமல் ஓட்டுவது

அலாய் சக்கரத்தில் டியூப் இல்லாத டயருக்குப் பழகியவர்கள் கம்பிச் சக்கரத்திலும் அதையே எதிர்பார்த்து, நிப்பிள் துளைகளின் மேல் சிலிக்கோனைப் பூசிவிடுகிறார்கள். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கம்பிகளின் இழுவிசை கூடிக் குறைகிறது. அந்தச் சிறு அசைவில் கையால் அப்பிய பூச்சு நாளடைவில் விரிசல் விடும். அதைவிட முக்கியமானது ரிம்மின் வகை. எம்டி என்று குறிக்கப்பட்ட ரிம்மில், காற்று குறைந்தாலும் டயரின் ஓரம் உள்ளே நழுவாதபடி தடுக்கும் மேடு ஒன்று உண்டு. டபிள்யூஎம் என்று குறிக்கப்பட்ட ரிம்மில் அது கிடையாது. மேடு இல்லாத ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்டும்போது, காற்று இறங்கினால் நான்குவழிச் சாலையில் டயர் ரிம்மை விட்டு விலகிவிடும்.

துளையே காற்றறைக்குள் வராதபடி கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் கோக்கும் முறையை பிஎம்டபிள்யூ 1987-லேயே தன் ஜிஎஸ் வண்டிகளில் கொண்டுவந்துவிட்டது. அப்படிப்பட்ட ரிம் இல்லையென்றால் டியூப் போடுங்கள். ரேடியல் டயருக்கு ரேடியலுக்கு ஏற்றது என்று அச்சிட்ட டியூபையே வாங்குங்கள். நிப்பிள் தலைகளின் மேல் ரிம் பட்டையையும் மறக்க வேண்டாம். டியூப் இல்லாத டயருக்கான வால்வுத் துளை 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், டியூப் வால்வு 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இடைவெளியை அடைக்கும் சிறு வளையம் போடாமல் விட்டால் வால்வு சாய்ந்து அடியோடு கிழியும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு நண்பரின் டியூப் இப்படித்தான் கிழிந்தது. கிழிந்த இடம் வால்வின் அடி என்பதால் பஞ்சர் ஒட்டவும் வழியில்லை.

கப்ளிங் ரப்பர் இல்லாத ஹப்

கிடைக்கிறது என்பதற்காக மண்சாலைப் பந்தய வண்டியின் ஹப்பை வாங்காதீர்கள். அவற்றில் பல ஹப்புகளில் ஸ்ப்ராக்கெட் நேரடியாக ஹப்பிலேயே முறுக்கப்பட்டிருக்கும். கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை விழுங்க ரப்பர் இல்லாததால், அது அப்படியே செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போய்ச் சேரும்.

பேரிங்குகளுக்கு நடுவிலுள்ள குழல்

ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே நிற்கும் ஸ்பேசர் குழலின் நீளம், பேரிங் உட்காரும் இடங்களின் இடைவெளிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஆக்சில் நட்டை இறுக்கும் விசை முழுவதும் பேரிங்குகளைப் பக்கவாட்டில் நெரிக்கும். லேத்தில் புதிதாகக் கடைவிக்கிறீர்கள் என்றால் அளவைச் சொல்லிவிட்டு வராமல், பக்கத்தில் நின்று வெர்னியரில் அளந்து வாங்குங்கள். நட்டை முழு அளவுக்கு இறுக்கிய பிறகும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்.

ஏபிஎஸ் வளையமும் சக்கரத்தின் விட்டமும்

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆகவே இன்று கம்பிச் சக்கரம் மாட்ட வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சக்கரம் சுழலும் வேகத்தை அறிய உதவும் துளை வளையமும் அதைப் படிக்கும் சென்சாரும் உண்டு. அதே எண்ணிக்கைத் துளைகள் உள்ள வளையம், கையேட்டில் சொன்ன இடைவெளியில், நெளிவில்லாமல் சுழல வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டு, தோற்றத்துக்காக முன்சக்கரத்தை 19 அங்குலமாக மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். 17 அங்குல ரிம்மில் 110/70 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1,840 மில்லிமீட்டர். 19 அங்குலத்தில் 110/80 போட்டால் ஏறத்தாழ 2,070. முன்சக்கரம் 12 விழுக்காடு பெரிதானால் ஏறத்தாழ 11 விழுக்காடு மெதுவாகச் சுழலும். பிரேக் பிடிக்காதபோதே முன்சக்கரம் பின்தங்குவதாக ஏபிஎஸ் கணினிக்குத் தோன்றும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியிலோ பின்சக்கரம் வழுக்குவதாகத் தோன்றும். விட்டத்தைத் தொட வேண்டாம்.

நேர்க்கம்பி

டிஸ்க் பிரேக்கின் முறுக்குவிசை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கம்பிகள் வழியாகத்தான் போகிறது. ஹப்பிலிருந்து ரிம்முக்கு ஆரம்போல நேராகக் கோத்த கம்பிகள் அதைக் கடத்த ஏற்றவை அல்ல; கம்பிகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்தே செல்ல வேண்டும்.

உப்புக்காற்று

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எடை குறையும் என்று அலுமினிய நிப்பிளையும் பளபளப்புக்காகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேரும்போது அரிக்கப்படுவது அலுமினியம். குளச்சலிலிருந்து வந்த ஒரு வண்டியில் நிப்பிள்கள் கம்பியோடு ஒட்டிப்போய், திருகியபோது ஒவ்வொன்றாகத் தலை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிளே இங்கே ஏற்றது. கோக்கும்போதே மரையில் கிரீஸ் தடவுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கம்பி ரிம்மைத் தொடும் இடங்களைத் துடைத்துப் பாருங்கள்.

மறு இறுக்கம்

முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறையும் ஐந்நூறில் ஒரு முறையும் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

பழைய சக்கரங்களை விற்பது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேலையைத் தொடங்கும் முன் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலாய் சக்கரங்களை டிஸ்க், ஏபிஎஸ் வளையம், புஷ்கள் ஆகியவற்றோடு ஒரு சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். பழையபடி மாட்ட வேண்டிய நாள் வந்தால் அவை வேண்டும். கட்டிய சக்கரத்தில் சந்தேகம் எழும்போது நேர்ப்பட்டையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் அவைதான் வேண்டும். பார்வதிபுரத்து இளைஞருக்காக அதே வகை வண்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய பின்சக்கரத்தைக் கழற்றி அளவெடுக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. அந்த இளைஞர் கட்டிய ரிம் 7 மில்லிமீட்டர் டிஸ்க் பக்கம் தள்ளி இருந்தது.