ஹோமுக்குக் கேக்கோடு போகிறவர்களுக்கு

பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு குழந்தைகள் இல்லத்துக்குப் போகலாமா என்று குன்னூரில் தெரிந்தவர்கள் கேட்டால், கேக் இருக்கட்டும், அடுத்த மாதமும் வருவீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு நாள் வந்து பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுப் போகிற ஐம்பது பேரைவிட, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மூன்று மணிக்குத் தவறாமல் வந்து கணக்கு நோட்டைப் பார்க்கிற ஒருத்தர் போதும்.

போவதற்கு முன்னால் அந்த இல்லம் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று ஊட்டியில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் அதே சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம்.

சரி, என்ன வாங்கிக்கொண்டு போவது? ஸ்வெட்டர். ஜூலை மழையில் இங்கே துணி மூன்று நாளானாலும் காயாது, ஜனவரியில் உறைபனி, ஒன்று போதவே போதாது. ஆனால் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள், அது பொதுக் குவியலில் விழுந்து, முந்துகிறவனுக்குக் கிடைக்கும். வார்டனிடம் ஒவ்வொருவர் அளவும் கேட்டு, காலருக்கு உள்பக்கம் பெயரைத் தைத்துக் கொடுங்கள். நான் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த ஒரு பையன், காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கே எனக்கா?" என்றான், அப்புறம் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினானாம்.

அப்பா எங்கே, அம்மா எங்கே என்று நீங்களாகத் தோண்ட வேண்டாம். அநாதை என்ற சொல்லும் வேண்டாம், நான் போகிற இடத்தில் பலருக்கு எஸ்டேட்டில் அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். கூடலூரிலிருந்து பாட்டி வந்து பார்த்துப் போக பஸ் காசு கொடுப்பது கேக்கை விட நல்ல செலவு. வீட்டிலேயே வைத்து வளர்க்க முடிகிற குடும்பம் என்றால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு, விண்ணப்பம் எழுதத் துணைக்குப் போங்கள்.

அடி, தொடுதல் என்று ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாமல், கேட்டுவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் நின்று வர முடியாமல் போனால், போன் பண்ணி அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள், ஆபீஸில் சொல்லிவைத்தால் போய்ச் சேராது, அது கேட்டில் நின்றுகொண்டிருக்கும்.