அபாகஸில் கீல் இணைப்பு: பின்னை வரையாமலே செய்வது எப்படி?

பாகங்கள் சுமையில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் மென்பொருள் அபாகஸ். அதில் இரண்டு பாகங்களை ஒரு பின் (உருளை ஆணி) கோத்துப் பிடித்திருக்கிறது, ஒன்று அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். புதிதாக வருபவர்கள் உடனே பின்னையும் வரைந்து, துளைக்குள் நுழைத்து, கான்டாக்ட் (பரப்புகள் தொட்டு அழுத்தும் நிபந்தனை) கொடுத்து, கணக்கு கன்வர்ஜ் ஆகாமல் (ஒரு விடையில் நிலைக்காமல்) மல்லுக்கட்டுவார்கள். விசை ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் அவ்வளவு பாடு தேவையில்லை, ஒரு கனெக்டர், அதாவது இரண்டு புள்ளிகளை இணைத்து அவற்றுக்கிடையே எந்த அசைவு அனுமதி என்று சொல்லும் கூறு, போதும்.

ஓர் எளிய மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அசையாத பிராக்கெட், அதில் கீலாக மாட்டிய 200 மி.மீ. நீள இரும்புக் கை. கை எக்ஸ் திசையில் படுத்திருக்கிறது, மறுமுனையின் அடி விளிம்பை ஒய் திசையில் மட்டும் தாங்குகிறோம், நடுவில் 600 நியூட்டன் கீழ்நோக்கி.

முதலில் இரண்டு துளைகளின் மையத்திலும், பின்னின் அச்சில் ஒரே இடத்தில் அமையும்படி, தனித்தனி ரெஃபரன்ஸ் பாயிண்ட் (குறிப்புப் புள்ளி) வையுங்கள். பிராக்கெட் துளையின் உட்பரப்பை அதன் பாயிண்டோடும், கையின் துளையை அதன் பாயிண்டோடும் கப்ளிங் (பரப்பின் அசைவைப் புள்ளியின் அசைவோடு பிணைக்கும் கட்டுப்பாடு) மூலம் கட்டுங்கள். கைனமேட்டிக் கப்ளிங் துளையையே விறைப்பாக்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டிங் துளையை உருமாற விடும். இங்கே எது கொடுத்தாலும் விசை சரியாக வரும்.

அப்புறம் இன்டராக்‌ஷன் மாட்யூலில் இரண்டு பாயிண்டுகளுக்கும் இடையே ஒயர் (இணைப்புக் கோடு), ஹிஞ்ச் (கீல்) வகை கனெக்டர் செக்‌ஷன், பிறகு அதை ஒயருக்கு அசைன் செய்வது. இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நிதானிக்க வேண்டிய இடம் அடுத்து வரும் ஓரியன்டேஷன்தான், அதாவது கனெக்டரின் அச்சுகள் எந்தத் திசையில் என்பது. ஹிஞ்ச் கனெக்டர் தன் உள்ளூர் 1-ஆம் அச்சைச் சுற்றி மட்டுமே திரும்ப விடும், மற்ற ஐந்து இயக்கங்களையும் பூட்டிவிடும். நம் பின் இசட் திசையில் இருக்கிறது, ஆகவே 1-ஆம் அச்சு இசட் திசையிலும் 2-ஆம் அச்சு எக்ஸ் திசையிலும் வரும்படி ஒரு டேட்டம் ஆயத்தொகுதி (நாமே வரையறுக்கும் அச்சுத் தொகுப்பு) உருவாக்கி அதையே கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு பொது ஆயத்தொகுதியையே கொடுத்தால் கீல் எக்ஸ் அச்சில் திரும்பும் கீலாகிவிடும், கணக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடி முடிந்து அழகான வண்ணப்படமும் தரும், அதனால்தான் இது ஆபத்து.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டெப் மாட்யூலில் அந்த ஒயரின் செட்டுக்கு சிடிஎஃப் (கனெக்டரின் மொத்த விசையும் மொமென்டும், அதாவது திருப்புவிசையும்) ஹிஸ்டரி அவுட்புட் கேளுங்கள். சரியான கீல் பாதி சுமையை, அதாவது 300 நியூட்டனை, வாங்கும். அது உள்ளூர் 3-ஆம் திசையில் தெரியும், 1-ஆம் அச்சின் மொமென்ட் பூஜ்யம். அச்சு தப்பியிருந்தால் கை பிராக்கெட்டில் இறுகப் பிடித்த உத்தரமாக நடந்துகொள்ளும், அப்போது பின் விசை சுமையில் பதினாறில் பதினொரு பங்கு, சுமார் 412 நியூட்டன். இந்த எண்ணைப் பார்த்தால் வேறெங்கும் தேடாமல் நேரே டேட்டத்துக்குப் போங்கள்.

துளையின் விளிம்பில் தெரியும் ஸ்ட்ரெஸ்ஸை (தகைவை) அறிக்கையில் போடாதீர்கள், அது கப்ளிங் உண்டாக்கியது. பின் உண்மையில் துளையின் ஒரு பக்கத்தைத்தான் அழுத்தும். அந்த அழுத்தம் வேண்டுமென்றால் பின்னை வரைந்து கான்டாக்ட் கொடுப்பதைத் தவிர வழியில்லை.