எர்தா கிட்டின்ர பாட்டுகளை எதில இருந்து கேக்கத் தொடங்கிறது

அமெரிக்கப் பாடகி எர்தா கிட்டின்ர பேரை யூரியூப்பில அடிச்ச உடனே மேல வாறது 1953இல வந்த கிறிஸ்மஸ் பாட்டுத்தான், அதை இப்போதைக்கு விடுங்கோ. அதில தொடங்கினா சும்மா கொஞ்சிக் கொஞ்சிப் பாடுற ஆள் எண்டு நினைச்சு விட்டிடுவியள், நானும் கனகாலம் அப்பிடித்தான் விட்டிட்டன்.

இரவில, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் நிண்டாப்பிறகு ஹெட்செற்றைப் போட்டுக்கொண்டு அதே வருசம் வந்த 'உஸ்கா தாரா'வைப் போடுங்கோ. துருக்கிக்காரரின்ர பழைய நாட்டுப்பாட்டு அது. துருக்கியில பாடிக்கொண்டு போய் நடுவில இங்கிலிசில கதை சொல்லுவா, பேந்து திருப்பியும் துருக்கி. முதல் தரம் அர்த்தம் தேடாதேங்கோ, ரகரத்தை மட்டும் கவனியுங்கோ, பூனை மடியில படுத்துக்கொண்டு கர்ர்ர் எண்டுற மாதிரி தொண்டைக்குள்ள உருட்டி உருட்டித்தான் வெளிய விடுவா. ஆனா ஒரு சொல்லும் குழம்பாது. தேவாரம் படிக்கேக்க ராகம் எப்பிடிப் போனாலும் சொல் விளங்கோணும் எண்டு பெரியம்மா எங்களுக்குச் சொல்லுறவ, எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்தது பிரெஞ்சுப் பாட்டு, 'சே சி பொன்'. பின்னால ஆம்பிளையள் கோரஸ் பாட, இவ கோடீஸ்வரர், கடிலாக் கார் எண்டு தனக்கு வேணுமெண்டதை அடுக்கிக்கொண்டு போவா. பாட்டுக்குள்ள நடிப்பு எப்பிடி வருது எண்டு இதில வடிவாப் பிடிக்கலாம்.

இந்த ரெண்டும் காதில நிண்டாப்பிறகு வாழ்க்கையை வாசியுங்கோ. 1927இல தென் கரோலினாவில பிறந்து, பஞ்சுத் தோட்டத்தில கஷ்டப்பட்டு வளந்து, பேந்து நியூயோர்க்கில ஹார்லமுக்குப் போய், 16 வயசில கத்தரின் டன்ஹமின்ர நடனக் குழுவில சேந்தவ. குழுவோட ஊர் ஊராப் போய் பாரிசில நிண்டு கிளப்புகளில பாடினவ. 1950இல சினிமா, நாடக இயக்குநர் ஓர்சன் வெல்ஸ் தன்ர நாடகத்தில இவவை கிரேக்கக் கதையில வாற பேரழகி, டிரோய் நாட்டு ஹெலனாப் போட்டவர். 1967இல ரிவி பேட்மேன் தொடரில பூனைப்பெண்ணா வந்தது எல்லாருக்கும் தெரியும், அதில ரெண்டு துண்டு பாத்தாக் காணும்.

நிண்டு வாசிக்க வேண்டிய இடம் 1968 ஜனவரி. வெள்ளை மாளிகையில ஜனாதிபதியின்ர மனிசி லேடி பேர்ட் ஜோன்சன் குடுத்த மதியச் சாப்பாட்டில, பெடியள் ஏன் இப்பிடித் திரியினம் எண்டு கதை வர, இவ எழும்பி, நாட்டின்ர நல்ல பிள்ளையளை நீங்கள் சுடுபடவும் ஊனமாகவும் அனுப்பிறியள் எண்டு வியட்நாம் சண்டையைப் பற்றி முகத்துக்கு நேர சொல்லிப்போட்டா. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதுக்குப் பிறகு அமெரிக்காவில வேலை வத்திப்போச்சு, கனகாலம் ஐரோப்பாவிலதான் பாடித் திரிஞ்சவ. சிஐஏ இவவைப் பற்றி கோவை வைச்சிருந்தது 1975இலதான் பேப்பரில வந்தது. 1978இல திரும்பி வந்து நியூயோர்க்கின்ர பெரிய நாடக மேடையான பிரோட்வேயில ஏறினா, நாடகத்துக்குக் குடுக்கிற ரோனி விருதுக்கும் இவவின்ர பேரைப் பரிந்துரைச்சவை.

இதை வாசிச்சு முடிச்ச கையோட 'ஐம் ஸ்டில் ஹியர்' பாட்டைக் கேளுங்கோ. நான் இன்னும் இஞ்சதான் இருக்கிறன் எண்டு அர்த்தம். 1980களின்ர கடைசியில லண்டனில மேடையில பாடினவ. 1953க் குரலையும் இதையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போட்டுப் பாருங்கோ, குரல் தடிச்சிருக்கு, அவசரமே இல்லை, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைச்சுப் பாடுறா.

வீட்டில சின்னாக்கள் இருந்தா 2000இல வந்த டிஸ்னிப் படத்தில இஸ்மா எண்ட கிழவிக்கு இவ குடுத்த குரலைப் போட்டுக் காட்டுங்கோ. என்ர மருமகளுக்கு முதல் நாள் 'உஸ்கா தாரா' மட்டும்தான் போட்டனான், அடுத்த நாள் படத்தில கிழவி வாய் திறந்த உடனே "மாமி, இது அந்தப் பூனை அன்ரியெல்லோ" எண்டு எழும்பி நிண்டிட்டாள்.