பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு: நீண்டகால விசா எடுப்பது எப்படி?

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இது பழைய கதை. 1962-இல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். வரன் பேசும்போது 'நேஷனாலிட்டி உண்டா?' என்பது ஜாதகத்துக்கு முன்னால் வரும் கேள்வி. கல்யாணம் முடிந்த பிறகு வரும் கேள்விதான் 'விசா எப்போ?'

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு மாதம் கழித்து விசா வந்தது. அதில் விசா மனுவுக்கு ஆனது மூன்றே வாரம். மிச்ச நாளெல்லாம் அதற்கு முந்தைய காகிதங்களில் போனது. அதனால் இங்கேயும் அந்தக் காகிதங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

உங்கள் கணவரோ மனைவியோ பிரெஞ்சுக் குடிமகனா, இல்லை இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரான்சில் வேலை பார்ப்பவரா? இரண்டாவது என்றால் உங்கள் வழியே வேறு. அங்கே குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் விண்ணப்பத்தை அவர்தான் பிரான்சிலிருந்து போட வேண்டும். பொதுவாக 18 மாதம் அங்கே சட்டப்படி இருந்திருக்க வேண்டும். சம்பளம், வீட்டின் அளவு எல்லாம் பார்ப்பார்கள். பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு அந்தச் சம்பளக் கணக்கு கிடையாது. இந்தப் பதிவு அவர்களுக்கு மட்டும்.

படி 1: உங்கள் பெயரைச் சரிபார்க்கவும்

சிரிக்காதீர்கள். நம் ஊர் மனுக்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். ஒரு உதாரணம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'மலர்விழி'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மலர்விழி க'. ஆதாரில் 'க. மலர்விழி'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் 'கண்ணன்'. நமக்கு இது ஒரே பெண். இனிஷியல் என்ற பழக்கமே இல்லாத ஊர் அதிகாரிக்கு இது நான்கு பெண்கள்.

பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அப்பா அம்மா பெயரின் ஸ்பெல்லிங்கையும் சேர்த்துத்தான். சிலருடைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகவே இருக்கும். அதை நகராட்சியில் போய்ச் சேர்த்துவிடுங்கள். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே முடிப்பது நல்லது. தப்பான பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதைத் திருத்த விவகாரம் பிரான்சின் நாந்த் நகரில் இருக்கும் மத்தியப் பதிவு அலுவலகம் வரை போகும்.

பெண்களுக்கு இன்னொன்று. கல்யாணம் ஆனதும் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டுப் புது பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி வீட்டில் அவசரப்படுத்துவார்கள். வேண்டாம், பொறுங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் பிறந்த பெயர்தான் சாகும் வரை உங்கள் பெயர். புரட்சிக் காலத்தில், 1794-இல் போட்ட சட்டம் இன்னும் நிற்கிறது. கணவர் பெயர் அங்கே வெறும் புழக்கப் பெயர். என் மாமியாருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு பொங்கல் விடுமுறை முழுக்கத் தேவைப்பட்டது.

படி 2: கல்யாணத்துக்கு முன் கோன்சுலா (பிரெஞ்சுத் துணைத் தூதரகம்)

வெளிநாட்டில் திருமணம் செய்யும் பிரெஞ்சுக் குடிமக்கள், அதற்கு முன் தூதரகத்தில் 'திருமணம் செய்யத் தகுதி உண்டு' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளாவில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகம். மனு கொடுத்த பிறகு திருமண அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள். துணைவருக்குப் பிரான்சில் வீடு இருந்தால் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்திலும் (மேரி) ஒட்டுவார்கள். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசவும் கூடும். எங்கே சந்தித்தீர்கள், அவருக்கு எத்தனை கூடப் பிறந்தவர்கள், இப்படி. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள். காதல் கதை ஒன்றும் ஜோடிக்கத் தேவையில்லை.

இந்தச் சான்றிதழ் இல்லாமல் தாலி கட்டிவிட்டால் எல்லாம் போச்சா? இல்லை. ஆனால் அந்த அறிவிப்பும் விசாரணையும் அப்புறம் நடக்கும், மாதங்கள் கூடும்.

படி 3: கல்யாணத்தைப் பதிவு செய்வது

கோயில் ரசீது, பத்திரிகை, ஆல்பம் எதுவும் செல்லாது. அரசுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். மதம் வேறு வேறு என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். கையெழுத்து நாளில் மூன்று சாட்சிகள். துணைவர் மூன்று வார லீவில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று திட்டம் போட்டால், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

படி 4: பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவது

இந்தியச் சான்றிதழை மட்டும் வைத்து விசாவுக்குப் போக முடியாது. திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். 'திரான்ஸ்கிரிப்சியோன்' என்பார்கள். மனுவைப் போட வேண்டியது பிரெஞ்சுத் துணைவர். இந்தியத் திருமணச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்திய வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் முத்திரை) வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை வாங்கிய பிறகுதான் மொழிபெயர்ப்பு. நான் தலைகீழாகச் செய்து இரண்டு தடவை காசு கொடுத்தேன்.

பிறப்புச் சான்றிதழில் கூடுதலாக ஒன்றிரண்டு அசல் வாங்கிவிடுங்கள். அங்கே போனதும் மருத்துவக் காப்பீட்டுக்குத் திரும்பவும் கேட்பார்கள்.

பதிவு முடிந்ததும் பிரெஞ்சுத் திருமணப் பத்திரமும், 'லிவ்ரே' என்று எல்லோரும் சொல்லும் குடும்பப் புத்தகமும் கையில் வரும். வந்த அன்றே உட்கார்ந்து எழுத்துப் பிழை பாருங்கள்.

படி 5: விசா மனு

இனி எல்லாம் சுலபம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஃபிரான்ஸ்-விசாஸ் என்ற அரசுத் தளத்தில் கணக்கு தொடங்கி மனுவை நிரப்புங்கள். தங்கும் காலம் 90 நாளுக்கு மேல். நோக்கம், பிரெஞ்சுக் குடிமகனின் கணவர் அல்லது மனைவி. 'குடும்பத்தாரைப் பார்க்க' என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது போய்த் திரும்புகிறவர்களுக்கானது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்தியாவில் கல்யாணம் செய்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

எடுத்துப் போக வேண்டியவை: கையெழுத்திட்ட மனு, 35-க்கு 45 மில்லிமீட்டரில் புகைப்படங்கள், பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டு இரண்டு பக்கமாவது காலியாக உள்ள பாஸ்போர்ட், மூன்று மாதத்துக்குள் எடுத்த பிரெஞ்சுத் திருமணப் பத்திர நகல், துணைவரின் பிரெஞ்சு அடையாள அட்டை அல்லது குடியுரிமைச் சான்று. எல்லாவற்றுக்கும் ஒரு நகல்.

அப்பாயின்ட்மென்ட், தூதரகத்துக்காக விசா மனுக்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில். கைரேகை, போட்டோ, அவ்வளவுதான். நீண்டகால விசாவுக்குப் பொதுக் கட்டணம் 99 யூரோ. பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு அந்தக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும் என்பதால் அந்த நாட்களில் வேறு பயணம் வைக்காதீர்கள்.

நிராகரித்துவிடுவார்களோ என்று தூக்கம் கெடுவது இயல்பு. சட்டப்படி அவர்கள் மறுக்க முடிவது மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து ஆகிய காரணங்களுக்குத்தான்.

படி 6: இறங்கிய பிறகு

ஸ்டிக்கர் ஒட்டி வந்ததும் வேலை முடியவில்லை. பிரான்சில் நுழைந்த மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் செல்லுபடியாக்க வேண்டும். விசா எண், நுழைந்த தேதி, அங்குள்ள முகவரி கேட்கும். அதற்கான வரியையும் அங்கேயே கட்ட வேண்டும். தவறவிட்டால் நீங்கள் இருப்பதே சட்டவிரோதமாகிவிடும். நான் இறங்கிய மூன்றாம் நாளே செய்துவிட்டேன்.

பிறகு குடியேற்ற அலுவலகமான ஓஃபியிலிருந்து அழைப்பு வரும். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, ஒரு பிரெஞ்சுத் தேர்வு, நான்கு நாள் குடிமை வகுப்பு. உங்கள் பிரெஞ்சு, ஆரம்ப நிலையான ஏ1 அளவுக்குக் கீழே இருந்தால் இலவச வகுப்பில் சேர்ப்பார்கள். இங்கிருந்தே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழிப் பள்ளியில் படித்துவிட்டுப் போனால் நிம்மதி. 2026 ஜனவரி 1 முதல், அடுத்து வரும் பல ஆண்டு வசிப்பு அட்டைக்கு அதற்கு மேல் நிலையான ஏ2 அளவு தேவை. வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம், இந்த விசாவே போதும்.

விசா முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கும் மனுவைப் போட்டுவிட வேண்டும். அப்போது நீங்கள் சேர்ந்து வாழ்வதற்குச் சான்று கேட்பார்கள். போன முதல் மாதமே கரண்ட் பில்லில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துகளில்.