ஏற்காட்டில் வேகாத பாஸ்தா: என் அனுபவம்

ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகு, குளிர் இரவுகளில் ஒரே வாணலியில் செய்யும் தக்காளி பாஸ்தா நான்கு நாள் தொடர்ந்து சொதப்பியது. வெளியே கொழகொழ, கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளியாக வேகாத மாவு.

முதலில் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன். அதே கதை. தண்ணீரைக் கூட்டினேன், சாஸ் ரசம் போல ஓடியது. தீயைக் கூட்டினேன், தண்ணீர் சீக்கிரம் வற்றி அடிப்பிடித்தது.

ஞாயிறன்று சேலத்தில் அம்மா வீட்டில் அதே பாக்கெட், அதே வாணலி. 9 நிமிடத்தில் பதமாக வெந்தது. அப்போதுதான் உறைத்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பும் சோறும் குக்கரில் வேகிறதால் இந்த வித்தியாசம் அதுவரை கண்ணில் படவே இல்லை.

சரி, செய்த மாற்றம் இதுதான். பூண்டும் தக்காளியும் வதங்கியதும் 200 கிராம் பாஸ்தாவுக்கு 600 மில்லி வெந்நீர் ஊற்றி, உப்பு போட்டு, மூடி, சிறு தீயில் 13 நிமிடம். நடுவில் இரண்டு முறை கிளறினால் போதும். மூடி இருப்பதால் தண்ணீர் வற்றாமல் அந்தக் கூடுதல் நிமிடங்கள் கிடைக்கின்றன. அப்புறம் 2 நிமிடம் திறந்துவைத்து வேகமாகக் கிளறினால், பாஸ்தா விட்ட மாவுச்சத்தே சாஸைக் கெட்டியாக்கிவிடும். சீஸ் அடுப்பை அணைத்த பிறகுதான். கொதியில் போட்டால் கட்டிதட்டிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று இரவு வாணலியில் ஒன்றும் மிஞ்சவில்லை.