ஃபைற்றர் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கிணற்றைப் பாருங்கள்

முதன்முதலாக ஃபைற்றர் மீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ரவுணுக்குப் போன இடத்தில்தான் வாங்குகிறார்கள். கடை வாசலில் சின்னப் போத்தலுக்குள் நீலமும் சிவப்புமாகச் செட்டையை விரித்து நிற்கிற ஒன்றைக் கண்டதும் மனம் இழுபட்டு, அதையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் ஒரு பிடி கலர்க் கல்லையும் வாங்கி வந்து, கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஊற்றி அன்று மாலையே மீனை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிழமை கழித்து மீன் அடியில் சரிந்து கிடக்கும். "இந்த மீன் நிண்டு பிடிக்காது" என்று பழியும் மீன்மேல்தான் விழும். அது உண்மையே இல்லை, ஒழுங்காக வைத்தால் 2 முதல் 4 வருடம் வரை இருக்கக்கூடிய மீன் இது. வரிசையை மட்டும் மாற்றுங்கள்: முதலில் தண்ணீர், பிறகு தொட்டி, ஒரு மாதம் கழித்துத்தான் மீன்.

தண்ணீரில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், யாழ்ப்பாணத்துத் தண்ணீர் அப்படி. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் ஊறி இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, அதனால் தண்ணீர் கடினமாகவும் காரத்தன்மை கூடியதாகவும் இருக்கும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகத் தடித்துப் படிந்திருக்கிறதா, அதுதான். ஃபைற்றரோ தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்ந்த மீன், இலை அழுகி நிற்கும் மென்மையான தண்ணீர்தான் அதன் பிறப்பிடம் (2019 இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது). ஆனாலும் கடினமான தண்ணீருக்கு இது பழகிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு தண்ணீர், நாளைக்கு வேறொன்று என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் தாங்காது. பி.எச் (தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, 7 நடுநிலை) 7.8 இல் நிலையாக நிற்கிற தொட்டியில் மீன் நன்றாக இருக்கும். அதை 7 ஆக்குகிறேன் என்று கடையில் விற்கும் திரவங்களை ஊற்றிக்கொண்டிருந்தால் இன்று இறங்கும், நாளை கல்லின் காரம் அதைத் திரும்ப ஏற்றும், நடுவில் அகப்படுவது மீன். அந்தத் திரவங்களைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, நைத்திரேற்று. சுன்னாகம், உரும்பிராய், கோண்டாவில் பக்கம், செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் வருடம் முழுக்கப் பயிராகிற இடங்களில், தோட்டத்துக்குப் போடும் உரத்தின் ஒரு பங்கு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. குடிதண்ணீருக்கே லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை, அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் இருக்கின்றன. மீன்தொட்டியில் 20 க்குள் வைத்திருந்தால் நல்லது, 40 க்கு மேல் போக விடக்கூடாது. ஊற்றுகிற தண்ணீரிலேயே 50 இருந்தால் கிழமைக்கு எத்தனை முறை மாற்றினாலும் குறையாது அல்லவா? மூன்றாவது உப்பு. தீவுப் பகுதியிலும் கடற்கரையோரமும் நன்னீர் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, கீழே உப்புநீர். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்ற வற்ற உவர் ஏறும். அதே கிணறு கார்த்திகை மழைக்குப் பிறகு வேறு தண்ணீர் தரும். அதனால் ஒருமுறை சோதித்துவிட்டு அத்துடன் விட்டுவிடாதீர்கள்.

வழி சிக்கலானது இல்லை. தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறுகிற சோதனைக் கீற்றுகள் ஒரு பெட்டி வாங்கி, முதலில் கிணற்றுத் தண்ணீரையே சோதியுங்கள். நைத்திரேற்றும் உப்பும் குறைவாக இருந்தால் அப்படியே பாவிக்கலாம். கூடவாக இருந்தால் ஊரெல்லாம் விற்கும் ஆர்.ஓ தண்ணீரை (உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ தண்ணீரை மட்டும் தனியே ஊற்றக்கூடாது, தாது உப்புகள் இல்லாத தண்ணீரில் பி.எச் நிலையாக நிற்காது. மாரிகாலத்தில் மழைநீரும் கலக்கலாம், முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்தது என்றால். எந்த அளவில் கலக்கிறீர்களோ அந்த அளவை எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் கலக்குங்கள். தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதில் குளோரின் இருக்கும், அன்ரிகுளோரின் திரவம் சில துளி போடாமல் ஊற்றக்கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இனித் தொட்டி. உருண்டைக் கிண்ணம் வேண்டாம், பூச்சாடி வேண்டாம். 20 லீற்றர் பிடிக்கும் தொட்டி ஒன்று வையுங்கள், 10 க்குக் கீழே போகவே வேண்டாம். ஃபைற்றருக்குச் செவுளோடு சேர்த்து, மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பும் இருக்கிறது. கடைக்காரர் அதைப் போத்தலில் வைக்க முடிகிறது அதனால்தான், போத்தலே அதற்குப் போதும் என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் குறைந்தால் கழிவு விரைவாகச் செறியும், மதியம் சூடேறும், இரவில் சட்டென்று ஆறும்.

கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்விப்பதானால் 14 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரம் கொடுங்கள். மேலே ஒரு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 20 லீற்றர் வரும். ஒட்டுகிற சிலிக்கன் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும், குளியலறைக்குப் பூசுகிற வகையில் அது கலந்திருக்கும், மீனுக்கு நஞ்சு. ஒட்டி மூன்று நாளாவது காயவிட்டு, வினாகிரி மணம் முழுதும் போன பிறகு, முற்றத்தில் சமமான இடத்தில் வைத்து நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் முற்றத்திலேயே தெரிந்துவிடும். கழுவுவதற்குச் சவர்க்காரம் கூடாது, வெறும் தண்ணீரும் ஒரு புதுப் பஞ்சும் போதும். மூடி கட்டாயம், இது நன்றாகப் பாய்கிற மீன். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்றுக்கு இடம் இருக்க வேண்டும்.

கற்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, முருகைக்கல், அந்த வெள்ளை மணல், எல்லாம் பார்க்க அழகுதான், ஆனால் அத்தனையும் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். எந்தக் கல்லைப் போடுவதானாலும் முதலில் அதன்மேல் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ சில துளி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வெளியே எறியுங்கள். அதோடு கூர்மையான பிளாஸ்ரிக் செடிகளும் வேண்டாம், செட்டை கிழியும். உயிர்ச் செடிதான் நல்லது, வேலம்பாசி மாதிரி எதுவும் கேட்காமல் வளர்கிற ஒன்று. மணிபிளாண்ட் கொடி ஒன்றைத் தொட்டி விளிம்பில் வேர் மட்டும் தண்ணீரில் படுகிறமாதிரித் தொங்கவிட்டால் நைத்திரேற்றை அது உறிஞ்சிக்கொள்ளும், செலவே இல்லாத வைத்தியம். வாதுமை மரம் தெரியும்தானே, கிளைகள் தட்டுத் தட்டாக விரிகிற, இலை சிவந்து விழுகிற மரம். தானாக விழுந்து காய்ந்த கபில நிற இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள், 20 லீற்றருக்கு ஒன்று போதும். தண்ணீர் தேநீர் நிறமாக மாறும், பயப்பட வேண்டாம், அது இந்த மீனுக்குப் பிடித்த தண்ணீர். மருந்து அடிக்கிற தோட்டத்து ஓரத்தில் பொறுக்கிய இலை மட்டும் வேண்டாம்.

வடிகட்டிக்குக் காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும், விலையும் குறைவு, நீரோட்டமும் மெல்லியது. செட்டை பெரிய மீனுக்கு வேகமான ஓட்டம் ஆகாது. கரண்ட் சில மணி நேரம் நின்றாலும் ஃபைற்றர் காற்றைச் சுவாசிக்கும், பதற வேண்டியதில்லை. ஹீற்றர் நம்மூரில் அநேகமாகத் தேவைப்படாது. தண்ணீர் 25 முதல் 28 பாகைக்குள் இருக்க வேண்டும், மார்கழி, தை இரவுகளில் அதற்குக் கீழே இறங்குகிற வீடு என்றால் மட்டும் சின்னதாக ஒன்று வாங்குங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது? யன்னல் வெயில் படாத, சமையல் புகை வராத இடம். இன்னும் முக்கியமானது, நுளம்புத்திரி கொளுத்துகிற, நுளம்பு ஸ்பிறே அடிக்கிற அறையில் வைக்காதீர்கள். அந்த மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. போதாததற்கு இந்த மீன் அதே காற்றைத்தான் மேலே வந்து விழுங்குகிறது, பம்பும் அதே காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

எல்லாம் வைத்தாயிற்று, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது, இனி மீன் வாங்கலாமா என்றால், இல்லை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வரும். ஒருவகை பக்ரீறியா அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அது ஓரளவு தாங்கக்கூடியது. இந்தப் பக்ரீறியாக்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 கிழமை பிடிக்கும். நம் தண்ணீரில் இதைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் பி.எச் 7 இலிருந்து 8 ஆகும்போது அமோனியாவின் நஞ்சான பங்கு ஏறத்தாழ 10 மடங்கு கூடிவிடும், வெக்கையும் அதை இன்னும் கூட்டும். வேறு ஊரில் ஒருவர் சைக்கிள் பண்ணாமல் (இப்படிப் பக்ரீறியா குடியேறும்வரை காத்திராமல்) வைத்துத் தப்பியிருக்கலாம், காரத்தண்ணீரில் அது நடக்காது. ஆகவே மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டு, பம்பை ஓடவிட்டு, கீற்றால் பார்த்துக்கொண்டிருங்கள். சில பெட்டிகளில் அமோனியாக் கீற்று இருக்காது, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, பிறகு இரண்டும் சுழியத்துக்கு வந்து நின்றால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். நோயில்லாத தொட்டி வைத்திருக்கிற ஆள் யாரும் தெரிந்தால், அவருடைய பழைய பஞ்சு வடிகட்டியைக் கேட்டு வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள், பாதி வேலை முடிந்தது.

இப்போது கடை. முதல் கேள்வி, "அண்ணை, இது எப்ப வந்த மீன்?" தெற்கிலிருந்து இரவு முழுக்கப் பையில் பயணம் செய்து அன்று காலையில் இறங்கிய மீனை வாங்காதீர்கள், நாலைந்து நாள் கடையில் நின்று தீனி எடுத்ததை வாங்குங்கள். அடுத்த கேள்வி, என்ன தண்ணீரில் வைத்திருக்கிறார்கள் என்பது. கிணற்றுத் தண்ணீர் என்றால் பாதி பழக்கம் அங்கேயே ஆகிவிட்டது. பிறகு உங்கள் முன்னால் ஒரு தீனி போடச் சொல்லுங்கள், விரல் காட்டினால் திரும்பிப் பார்க்கிறதா, கண்ணாடி வைத்தால் செவுளை விரித்துக் கோபப்படுகிறதா என்று பாருங்கள். செட்டையை மடித்து வைத்திருக்கிற மீன், உடம்பில் உப்புத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளி, போன் ரோச்சை அடித்துப் பார்த்தால் பொன் தூள் போல மினுங்கல், செதில் சிலிர்த்து நிற்பது, ஒட்டிய வயிறு, இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாவம் பார்த்து நோய் மீனை வாங்குவது முதல் மீனுக்கு வேண்டாம்.

எந்த வகை? அரைவட்டமாக விரியும் பெரிய வாலுள்ள ஹாஃப்மூன் அழகில் முன்னுக்கு நிற்கும், ஆனால் அந்தப் பாரமான வாலை இழுத்துக்கொண்டு நீந்துவதே அதற்குக் களைப்பு, வாலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. முதல் மீனுக்கு என் தெரிவு குட்டை வால் பிளக்காட்தான், திடமானது, சுறுசுறுப்பானது. ஒன்றே ஒன்று வாங்குங்கள். இரண்டு ஆண் சேராது, ஆணும் பெண்ணும் நிரந்தரமாகச் சேர்ந்து இருக்காது, வால் நீண்ட கப்பியையும் விட்டுவைக்காது. கடையில் சேர்த்துத் தருகிற நீல மருந்தையும் உப்பையும் நோய் இல்லாமல் போட வேண்டாம், நம் தண்ணீருக்கு இன்னும் உப்பு எதற்கு?

வெயில் தாழ்ந்த பிறகு போய் வாங்குங்கள், பையை மோட்டார் சைக்கிளின் முன்னால் தொங்கவிடாமல் துணிப் பைக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் பையைத் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரத்தில் மீனை மட்டும் மெல்ல உள்ளே விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அன்று லைற் போட வேண்டாம், தீனியும் வேண்டாம். இரண்டு நாள் சாப்பிடாமல் ஒளிந்து நின்றால் அது வழமை.

தீனி காலையில் மூன்று, மாலையில் மூன்று சின்னக் குருணை, கிழமையில் ஒரு நாள் பட்டினி. அதன் வயிறு அதன் கண் அளவுதான். பாண் துண்டும் சோறும் போடாதீர்கள். நுளம்புக் குடம்பி இதற்குக் கொள்ளைப் பிரியம், ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி வைத்து டெங்குவை வளர்க்கக்கூடாது. கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், முழுதாக ஒருபோதும் வேண்டாம். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள், குளோரின் தண்ணீர் வருகிற குழாயில் பிடித்தால் பக்ரீறியா செத்துவிடும்.

கொழும்புக்கோ கண்டிக்கோ மூன்று நாலு நாள் போக வேண்டி வந்தால் ஒன்றும் போடாமலே போகலாம், வளர்ந்த மீன் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள், பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். நாளுக்கு ஒரு கடதாசிச் சுருளில் மூன்று மூன்று குருணையாக மடித்துக் கொடுங்கள், கரண்ட் நின்று வந்தால் பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.