கவுன்சலிங் போகிறவர்கள் ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்

ஈரோட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். தாழ்வு மனப்பான்மை முற்றி, வேலைக்குக் கிளம்பவே கால் வராத நிலையில் ஒரு ஆலோசகரிடம் போகத் தொடங்கி, அங்கிருந்து தேறி வந்தவள். இது தெரிந்தவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "ஏங்க, போனா அங்க என்னதான் சொல்வாங்க?"

அவர்கள் அதிகம் சொல்ல மாட்டார்கள். நாம்தான் பேசுவோம். அவர்கள் கேள்வி கேட்பார்கள், வீட்டில் செய்ய வேலை கொடுத்து அனுப்புவார்கள். அந்த வேலையைச் செய்தால்தான் பலன். செய்யாமல் போனால், பேசிவிட்டு வந்த அன்று மனசு லேசாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான்.

யாரிடம் போவது என்பதில் பலருக்குக் குழப்பம். மனநல மருத்துவர் என்றால் டாக்டருக்குப் படித்தவர், மாத்திரை எழுதுவார். ஆலோசகரும் உளவியலாளரும் பேச்சு, பயிற்சி வழியாக உதவுவார்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு வைத்திருப்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று யாரிடமும் கேட்கலாம். முறையாகப் படித்தவர் அதற்காகக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள். கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறதென்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரோடு பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

போவதற்கு முன்போ பின்போ ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். அதை உங்கள் குணம் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உங்களையே திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். உட்கார்ந்ததும் "நான் சொல்றது எங்க வீட்டுக்குப் போகுமா?" என்று நேராகவே கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் அவர்கள் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதை முதல் நாளே விளக்கிவிடுபவர் நல்ல ஆலோசகர்.

அடுத்து, என்ன வேண்டும் என்பதைச் சின்னதாகச் சொல்லுங்கள். "தன்னம்பிக்கை வரணும்" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஆலோசகர் மேடம் விடவில்லை. "வந்துட்டா என்ன செய்வீங்க?" என்றார். யோசித்து, "மாசக் கூட்டத்துல ஒரு தடவையாவது வாய் திறந்து பேசுவேன்" என்றேன். அதுதான் எங்கள் இலக்கானது. வந்ததா இல்லையா என்று கூட்டம் முடிந்ததும் தெரிந்துவிடும்.

இப்போது நோட்டு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். மனசு சுருங்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்தது இது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அந்த முறையை சி.பி.டி. என்பார்கள். எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் என் தொழில். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்பாரா?

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும். நடந்தது: செயலாளர் எல்லார் முன்னாலும் "இந்த லெட்ஜரை மறுபடி பாருங்க" என்றார். மனசு சொன்னது: "நான் எதுக்கும் லாயக்கில்லை." அதை நான் நம்பியது நூற்றுக்குத் தொண்ணூறு. ஆதாரம்: அவர் குரல் கடுமையாக இருந்தது. எதிர் ஆதாரம்: திரும்பப் பார்த்தேன், கூட்டல் சரியாகத்தான் இருந்தது; காசாளரிடமும் அன்று அதே குரலில்தான் பேசினார்; புதிதாகச் சேர்ந்த பெண் சந்தேகம் என்றால் என் மேஜைக்குத்தான் வருகிறாள். கடைசியில் ஒரு வரி: "பார்க்கச் சொன்னார், பார்த்தேன், சரியாக இருந்தது." இப்போது அதை நம்புவது நாற்பது. பூஜ்யம் ஆகவில்லையே என்று வருத்தப்பட்டேன். "நாற்பதோட வேலைக்குப் போக முடியுதா? அது போதும்" என்றார் மேடம்.

இதில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். குரல் கடுமை என்பது அவர் மனநிலைக்கு ஆதாரம், உங்கள் திறமைக்கு ஆதாரம் ஆகாது. 'ஆதாரம்' பக்கத்தில் நாம் எழுதுவதில் பாதி இந்த ரகமாகத்தான் இருக்கும். ஆலோசகரோடு உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்த நோட்டை எடுத்துப் போவது. கண்ணாடி முன் நின்று "நான் வல்லவள்" என்று தினமும் சொல்லச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நொந்த மனசு அதை நம்பாது. நடந்ததை எழுதினால் மறுக்க முடியாது.

பாராட்டை வாங்கிக்கொள்வதும் ஒரு பயிற்சிதான். "சேலை நல்லாருக்கு" என்றால் "ஐயோ, இது பழசுங்க" என்போம். "குழம்பு பிரமாதம்" என்றால் "இன்னைக்கு உப்பு கம்மிதான்" என்போம். அடக்கம் என்று பழகிவிட்டோம். ஆனால் நம் காதே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. "சந்தோஷங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். முதலில் நாக்கு கூசும். யார், எதைப் பாராட்டினார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மறுப்பதற்கு எனக்குக் கிடைத்த வாக்கியம்: "பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேங்க." உடனே 'முடியாது' என்று சொல்ல வராதவர்களுக்கு இது பெரிய உபகாரம். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு முறுக்கு சுட்டுத் தரக் கேட்டபோது அதைச் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டு, "ஒரு படி மட்டும் செஞ்சு தர்றேன் அண்ணி" என்றேன். "சரி கண்ணு" என்று வைத்துவிட்டார். நான் பயந்த சண்டை எதுவும் வரவில்லை. இதுவும் எதிர் ஆதாரப் பக்கத்துக்குப் போனது.

தூக்கம், சாப்பாடு, நடை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல் முதலில் செய்யுங்கள். மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், ஊற்றிய பின் ஒன்று. மூன்று நான்கானாலும் எழுதுங்கள்.

சில சந்திப்புகளுக்குப் பிறகும் பயனில்லை என்று பட்டால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "இது எனக்கு ஒத்துவரலை மேடம்" என்று சொல்லுங்கள். முறையை மாற்றுவார்கள், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார்கள். தேறிய பிறகும் திடீரென்று நிறுத்த வேண்டாம். வாராவாரம் என்பதை மாதம் ஒரு முறை ஆக்கி, பிறகு விடலாம். கடைசிச் சந்திப்பில், மறுபடி சரிவதற்கான அடையாளங்களை ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். என்னுடையவை: போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது, மதியச் சாப்பாட்டை டப்பாவோடு திரும்பக் கொண்டு வருவது, எதற்கெடுத்தாலும் "மன்னிச்சுக்குங்க" என்பது. ஒரு பிரதியை அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் என்னைக் கேட்காமலே மேடத்திடம் நேரம் வாங்கிவிடலாம் என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.